செம்பனைப் புண்ணாக்கும் கண்காட்சிப் பன்றியும்

ஜொகூர் மாநிலம் சிகாமட் மாவட்டத்தில் உள்ள லாபிஸைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். செம்பனைக் கொட்டையின் பருப்பில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சுவது செம்பனைப் புண்ணாக்கு. பழுப்பு நிறம்; கையில் அள்ளினால் ஓட்டுத் துணுக்குகள் நறநறக்கும்.

இதில் புரதம் ஏறத்தாழ 14 முதல் 18 விழுக்காடு. ஆனால் நார் மிகுதி, லைசின் குறைவு. அசைபோடும் மாட்டுக்கு ஒத்துப்போகும்; ஒற்றை இரைப்பை கொண்ட பன்றிக்கு அளவோடுதான் சேர்க்க வேண்டும். பால்குடி மறந்த குட்டிக்கு இதை அள்ளிக் கொட்டுவது கொடுமை: வயிறு நிறையும், உடம்பு தேறாது.

கண்காட்சிப் பன்றிக்குக் கொழுப்பைவிடத் தசைதான் அழகு. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அதற்கு அடிப்படைத் தீனி. புதிய தீனியைப் பழையதோடு கலந்து, சில நாள்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். திடீரென மாற்றினால் கழிச்சல் வரலாம். தண்ணீர் குறைந்தால் பன்றி தீனி தின்பதும் குறைந்துவிடும். அதனால் தினமும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் குழாய்.