பவுல் கண்ட பட்டயம்

எபேசியர் 6:17-இல் பவுல் கூறும் பட்டயத்தை நெடுவாளாக எண்ணாதிருங்கள். மூலத்திலுள்ள 'மக்கைரா' குறுவாளுக்கு வழங்கிய கிரேக்கச் சொல். அவர் கண்ட ரோமப் போர்ச்சேவகரின் கிளாடியஸ் வாளுக்கு அலகு ஏறக்குறைய 50 சென்டிமீட்டரே. நெருங்கி நின்று குத்துவதற்கேற்ற கூர்முனை உடையது.

இன்று அவ்வாளை மீண்டும் வடிப்போரில் நம் தேசத்தாரும் உண்டு. 1943-இல் இராணுவத்திற்குக் குக்ரி செய்யத் தொடங்கிய டேராடூனின் விண்ட்லாஸ் நிறுவனம், திரைப்படங்களுக்கும் சேகரிப்போருக்கும் ரோம வாள்களைச் செய்தனுப்புகிறது.

வெறும் நகல்தானே என்பீர்களோ? பழஞ்சேலையைப் பார்த்து அதே கோர்வையை மறுபடி நெய்ய எத்தனை நாள் செல்லும், எத்தனை கை வேண்டும் என்று நம் காஞ்சி நெசவாளரைக் கேளுங்கள். மேலும், ரோமரே அவ்வாளை ஸ்பானிய வீரரிடம் கண்டு, கார்த்தேஜுடன் போரிட்ட காலத்தில் தமதாக்கிக்கொண்டனர். அதற்கு அவர்கள் இட்ட பழைய இலத்தீன் பெயரின் பொருள், 'ஸ்பானிய வாள்'.