கரிசல் வேட்டையின் கண்

துப்பாக்கியின்மேல் தூரதரிசினிக் குழலைப் பொருத்தித் தொலைவிலுள்ள இலக்கை அருகே கொண்டுவரும் உபாயம், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே பிரயோகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் மானாவாரிப் பருத்தியையும் கம்பையும் நம்பி வானம் பார்த்து வாழ்ந்த கோவில்பட்டிச் சீமையின் சம்சாரிக்கு அந்தக் கண்ணாடிக் கண் எட்டவுமில்லை, தேவைப்படவுமில்லை. அவனுடைய வேட்டைக்குக் கண்ணாக அமைந்தது அவன் வீட்டு நாய்.

இந்தச் சீமை துப்பாக்கியை அறியாததன்று. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு, அவர் தம்பி ஊமைத்துரை நடத்திய போரும் 1801இல் ஒடுக்கப்பட்ட பின்னர், அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபு வெளியிட்ட பிரகடனம், பாளையத்து மக்கள் தங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென்றும் மீறினால் மரண தண்டனை என்றும் ஆணையிட்டது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, இந்தியனை உரிமம் கேட்டு நிற்கவைத்து, ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. சொந்த மண்ணிலேயே ஒரு ஜனசமூகத்தை நிராயுதபாணியாக்கிய அநியாயம் அது. நாய் அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆயினும் துப்பாக்கி ஜமீன் மாளிகைகளிலும் துரைமார் பங்களாக்களிலும் தங்கிவிட்ட காலத்தில், காட்டில் உழுதவனிடம் எஞ்சியிருந்த வேட்டைச் சாதனம் பெரும்பாலும் அது ஒன்றே.

மோப்பம் பிடித்துத் தேடும் நாய் வேறு. கண்ணால் கண்டு துரத்தும் நாய் வேறு. இச்சீமையின் நாயினங்களான கன்னியும் சிப்பிப்பாறையும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சோளத்தட்டை அறுத்து, பருத்திமாரும் பிடுங்கியபின், ஓடைக்கரை உடைமரங்களைத் தவிர அடிவானம்வரை பார்வைக்குத் தடையேதுமில்லாத கரிசல் வெளியில், மண்ணோடு மண்ணாகப் பதுங்கியிருக்கும் முயல் துள்ளி எழும் அந்த ஒரு கணத்தைப் பிடிப்பதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டதுபோல் இருக்கிறது அவற்றின் தேக அமைப்பு: நீண்டு ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. மனிதன் ஏறத்தாழ 180 பாகை அகலம் காண்கிறான். பக்கவாட்டில் கண் அமைந்த இந்த நீள்முக நாய்களோ ஏறத்தாழ 270 பாகை காண வல்லவை. அவற்றின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் கிடைக்கோட்டுப் பட்டையாகச் செறிந்திருப்பதால், அடிவானக் கோட்டில் ஏற்படும் சிறு அசைவும் தப்புவதில்லை. இந்தக் கண்ணுக்குச் செலவு, நாளொன்றுக்குச் சிறிது கம்பங்கூழ்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. அது நியாயமே, வெட்டவெளியில் வாழ்வதாலேயே வெளிமான் எனப் பெயர் பெற்ற மானுக்கு, தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் 1987இல் ஒரு சரணாலயம் ஒதுக்க வேண்டிய அளவுக்கு அதன் நிலை வந்துவிட்டிருந்தது. முயலையும் மானையும் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால், தொழில் போனதும் நாயும் போகட்டும் என்று விட்டுவிடுவது நன்றியாகாது.

சிப்பிப்பாறை 2020இல் தேசிய விலங்கு மரபுவளக் கழகத்தின் பதிவேட்டில் இடம்பெற்றது. பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் இனம் வாழாது. கரிசல் காட்டு நண்பர்களே, இந்த நாயை வளர்ப்பீர்களானால், அந்நிய இனத்தோடு கலக்காமல் வளர்த்து, குறுஞ்சங்கிலியில் கட்டிப்போடாமல், விடியற்காலையில் அறுத்த காட்டில் ஒருமுறையேனும் அவிழ்த்து ஓடவிடுங்கள்.