கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தினால் கல்விக் கடனும் வரிச் சலுகையும் என்னவாகும்?

கல்விக் கடன் பெற்றுப் பயிலும் மாணவர் படிப்பைப் பாதியில் கைவிட்டால், மத்திய அரசின் வட்டி மானியத்தை இழக்க நேரிடும். எனினும், அந்தக் கடனின் வட்டிக்கான வருமான வரிக் கழிவு தொடரும். இந்த வேறுபாட்டை விலகல் கடிதம் அளிப்பதற்கு முன்பே அறிந்திருப்பது அவசியம்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு மிகாத மாணவர்கள் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்காகப் பெறும் கடனுக்கு, படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் சேர்ந்த காலத்துக்கான வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. 2009-10 கல்வியாண்டு முதல் இத்திட்டம் நடைமுறையில் உள்ளது. படிப்பை இடையில் நிறுத்துவோருக்கும், ஒழுங்கு நடவடிக்கை அல்லது கல்வித் தகுதிக் குறைவு காரணமாக நீக்கப்படுவோருக்கும் இந்த மானியம் கிடையாது.

மருத்துவக் காரணத்தால் விலகுவோருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதற்கு, கல்வி நிறுவனத் தலைவர் ஏற்கத்தக்க ஆவணங்கள் தேவை. உடல்நலக் குறைவால் விலகும் மாணவர், வழக்கம்போல் 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதிக் கொடுப்பது இந்த உரிமையைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தவணை தொடங்குகிறது. உரிய காலத்தில் படிப்பை முடிக்க இயலாதவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுகள் வரை வங்கி நீட்டிப்பு வழங்கலாம். எனவே, முற்றிலும் விலகுவதற்கு முன் இந்த வாய்ப்பைக் கேட்டுப் பெறுவதே நலம். புதிய கல்விக் கொள்கையின்படி ஓராண்டில் சான்றிதழுடனோ, இரண்டு ஆண்டுகளில் பட்டயத்துடனோ வெளியேறலாம் என்றாலும், கடன் பாக்கி அதனால் குறைவதில்லை.

கல்லூரிக் கட்டணத்தைப் பொறுத்தவரை, யுஜிசியின் 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பின் 15 நாள்களுக்குள் விலகினால் 80 சதவீதமும், 16 முதல் 30 நாள்களுக்குள் விலகினால் 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். அதன் பின் எதுவும் கிடைக்காது.

வருமான வரிச் சட்டம், உயர்கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் உச்சவரம்பின்றி வருமானத்தில் கழிக்க அனுமதிக்கிறது. அசலுக்கு இச்சலுகை இல்லை. படிப்பை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. ஆண்டுக்கு ரூ.60,000 வட்டி செலுத்தும், 20 சதவீத வரி விகிதத்தில் உள்ள ஒருவருக்கு ரூ.12,000 மிச்சமாகும், செஸ் தனி.

ஆனால், வட்டி செலுத்தத் தொடங்கும் ஆண்டு முதல் 8 ஆண்டுகளுக்கே இந்தக் கழிவு உண்டு. படிப்பு நின்று தவணை முன்னதாகவே தொடங்கினால், இந்தக் கணக்கும் முன்னதாகவே தொடங்கிவிடும். வருமானமில்லாத மாணவருக்கு அந்த ஆண்டுகள் வீணே கழியும். கடனைத் தம் பெயரிலும் பெற்று, வரிக்குரிய தம் வருமானத்திலிருந்து வட்டி செலுத்தும் தந்தையோ தாயோ கழிவு கோரலாம். வெறும் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டவர் கோர இயலாது.

பழைய வரி முறையைத் தேர்வு செய்வோருக்கே இந்தக் கழிவு பொருந்தும். 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பாகக் கொள்ளப்படுவதால், கணக்குத் தாக்கலின்போது பழைய முறையைக் குறிப்பிட்டுத் தேர்வு செய்ய வேண்டும்.