உயிரியுணரி (உணவுச் சோதனை)

நொதி, எதிர்ப்பொருள், டி.என்.ஏ. இழை போன்ற உயிர்ப்பொருள் ஒன்றைக் கொண்டு உணவிலுள்ள குறிப்பிட்ட வேதிப்பொருளையோ கிருமியையோ கண்டறிந்து, அதை மின்னோட்டமாகவோ நிறமாகவோ காட்டும் கருவி. பயோசென்சர் என்றும் வழங்கும். 1962இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சேம்ப் லயன்ஸும் விவரித்த நொதி மின்முனை இதன் முன்னோடி. வீடுகளில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் அதே வழிவந்ததுதான்.

மீனின் புதுமையை அளப்பதில் இதன் வேலை தெளிவாகத் தெரியும். மீன் செத்ததும் தசையிலுள்ள ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு படிப்படியாகச் சிதைகிறது. இடையில் உருவாகும் ஐ.எம்.பி. மீனுக்குச் சுவை கூட்டும். அதுவும் சிதைந்து ஹைப்போசாந்தைன் சேரும்போது கசப்பு ஏறும். உணரியின் முனையில் பதித்த சாந்தைன் ஆக்சிடேஸ் நொதி, ஹைப்போசாந்தைனை யூரிக் அமிலமாக மாற்றும். அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளாட்டின மின்முனை மின்னோட்டமாக அளக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற அனுபவசாலிக்கும் இந்த எண் கிடைக்காது. ஆனால் மீனுக்கு மீன் சிதைவின் வேகம் மாறுவதால், எல்லா மீனுக்கும் ஒரே அளவுகோல் செல்லாது. ஃபார்மலின் கலப்பையும் இந்த நொதி காட்டாது. அதற்கு வேறு நொதி வேண்டும்.

காய்கறிகளில் எஞ்சும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளை, அவை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குவதை வைத்து அறிகிறார்கள். எந்த மருந்து என்பதை அது சொல்லாது. வெப்பத்தில் நொதி செயலிழப்பதும் பெருங்குறை. ஆகவே முதற்கட்டச் சோதனைக்கே இது ஏற்றது. உறுதிசெய்ய ஆய்வகத்தின் குரோமட்டோகிராஃபி சோதனையே தேவை.