பாதரச ஆலையும் மனச்சாட்சியும்: கொடைக்கானலை முன்வைத்து நிறுவனப் பணியின் அறச்சிக்கல் குறித்த ஆய்வு

1. கருதுகோள்

சம்பளத்துக்காக மனச்சாட்சியை அடக்கிக்கொள்வது தனிமனிதக் குறை என்றே பேசப்படுகிறது. மருந்தும் தனிமனிதனுக்கே சொல்லப்படுகிறது: தியானம் செய், விடுப்பு எடு, ஒத்துவராவிட்டால் வேலையை விடு. கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் வரலாறு இதற்கு ஒத்துப்போகவில்லை. அறச்சமரசம் வேலைப் பிரிவினைக்குள்ளேயே இருக்கிறது. எனவே மீட்சியும் கூட்டாகவே வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. நிகழ்வு

நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்த செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை, 1980களின் தொடக்கத்தில் பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச் 7 அன்று, கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய இரும்புக்கடை ஒன்றில் பாதரசம் கலந்த 7.4 டன் உடைந்த கண்ணாடி கிடப்பதை ஊர்மக்களும் சூழல் அமைப்பினரும் அம்பலப்படுத்தினர். அம்மாதமே உற்பத்தி நின்றது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்பியது.

3. பிளவுபட்ட அறிவு

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தரையிடுக்கில் உருளும் வெள்ளித் துளி கண்ணுக்குத் தெரியும். மூச்சில் எவ்வளவு போயிற்று என்பதைக் கருவிதான் சொல்லும். இத்தகைய ஆலையில் கழிவை அள்ளுபவருக்கு அளவு தெரியாது. அளப்பவர் லாரி போகுமிடத்தைப் பார்ப்பதில்லை. கணக்கெழுதுபவருக்கு அது கண்ணாடிச் சில்லு. எவர் மனத்திலும் தவறு முழு உருவம் பெறுவதில்லை. ‘நம்ம வேலையை நாம பார்ப்போம்’ என்பதற்கு அங்கே நேர்மையின் சாயலே உண்டு. ஏதோ சரியில்லை என்ற உணர்வு மட்டும் எஞ்சி, விரக்தியாகத் தங்கிவிடுகிறது.

4. மூன்று வழிகள்

நிறுவனம் சீர்கெடும்போது மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை வெளியேறல், குரலெழுப்பல், விசுவாசம் என மூன்றைக் கொண்டு 1970-இல் விளக்கினார் பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன்.

அ. வெளியேறல்: சீசன் வேலையும் தோட்டக்கூலியுமே பெரும்பாலோருக்குக் கிடைக்கும் மலையூரில், மாதச் சம்பளத்தை உதற எளிதில் துணிவு வராது.

ஆ. விசுவாசம்: வேலையைக் காக்கும், சந்தேகத்தைத் தீர்க்காது.

இ. குரலெழுப்பல்: ஆலை மூடிய பின் முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு, பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாக 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். தனியே ஒருவர் சொன்னால் அது அவருடைய நோய். பலர் சேர்ந்து சொன்னபோது வழக்காயிற்று.

5. முடிவும் வரம்பும்

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு எட்டப்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் பணம் தருவதாகவே நிறுவனம் கூறியது. நோய்க்குப் பணியே காரணம் என்பதை ஏற்கவில்லை. ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசத்தை விட்டுவைக்கலாமா என்ற தகராறும் அப்போது ஓயவில்லை. கூட்டுக்குரல் இழப்பீட்டைப் பெற்றது, ஒப்புதலைப் பெறவில்லை. அதுவும் வேலை போன பிறகே எழுந்தது.

இந்தத் தாமதமே முக்கியப் பாடம். பணியிலிருக்கும்போதே கேட்கச் சட்டத்தில் வழி இருந்தது. போபால் பேரழிவுக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த பிரிவுகள், அபாயத் தொழிலில் ஆபத்துகளைத் தொழிலாளருக்குத் தெரிவிக்கும் கடமையையும், பாதுகாப்புக் குழுவில் அவர்களுக்குச் சம இடத்தையும் வகுத்திருந்தன. ஆக, மனம் ஒப்பாத ஊழியர் ‘நான் நல்லவனா?’ என்று தன்னையே குடைவதைவிட, சக ஊழியரோடு சேர்ந்து ‘அளவு எவ்வளவு? பதிவேடு எங்கே?’ என்று பணியிலிருக்கும்போதே கேட்பது பயன்தரும்.