கடல் கடந்த பறை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல், அரைப்பதத்திலேயே கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. மேல்நாட்டில் அது மெருகேறி, வேற்றுப் பெயர் தாங்கி விலைபோயிற்று. 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பின்னரே, முழுமை பெற்ற தோலும் காலணியும் இங்கே பெருமளவில் உருவாகலாயின. அத்தோலைப் போலவே தமிழ்ச் சொல் ஒன்றும் கடல் கடந்தது. ஆங்கிலத்தில் 'பரையா' என வழங்குவதே அது.

சமுதாயத்தால் விலக்கப்பட்டவர் என்பது ஆங்கில அகராதிகள் அதற்குத் தரும் பொருள். உலகம் ஒதுக்கிவைத்த நாட்டையும் ஆங்கில நாளேடுகள் அச்சொல்லால் சுட்டுகின்றன. தெருநாய்க்கும் ஒருவகைப் பருந்துக்கும் அதுவே அடைமொழி. அதன் வேரோ 'பறையர்' என்னும் நம் சொல். அதற்கும் வேர் 'பறை' என்பதே அறிஞர் பலரும் ஏற்ற கருத்து.

பறை தமிழில் இழிபொருள் தரும் சொல்லன்று. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களுள் அதனையும் வைத்து எண்ணுகின்றது. புறநானூற்றின் 335ஆம் பாடல், துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் பறையனையும் சிறப்புடைய நாற்குடிகளுள் ஒன்றாகச் சொல்கின்றது. திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் வேண்டுவதும் பறையே. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் அதுவே பொருள். ஆக, மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டித் தீயில் காய்ச்சி முழக்கும் அக்கருவி, பெயராலேயே பேசும் கருவியாகும்.

1516ஆம் ஆண்டளவில் எழுதிய போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பார்போசாவின் நூலில் இக்குடிப்பெயர் இடம்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் ஏறிற்று. ஒரு குடியின் பெயர், நாளடைவில் சாதியிலிருந்து தள்ளப்பட்டோர் அனைவருக்கும் பொதுப்பெயராகத் திரிந்தது. பறையடித்தோர் அக்குடியில் ஒரு பகுதியினரே, பெரும்பாலோர் உழவுத் தொழிலாளர் என்ற உண்மையும் மறைந்தது. 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன் பியேர் தம் கதை ஒன்றில் ஒரு பரையாவை அறிவாளனாகப் படைத்தார். செருமானியக் கவிஞர் கெதே இப்பெயரில் கவிதைகள் இயற்றினார். மாக்ஸ் வேபர் யூதரைக் குறிக்கவும் இச்சொல்லை ஆண்டார். 1944இல் ஹன்னா அரெண்ட் அதனையே தம் கட்டுரைத் தலைப்பில் வைத்தார். உலக அறிவுலகில் உலாவிய அச்சொல்லில் வல்லின றகரம் தேய்ந்தது. பறையின் ஒலியும் உடன் தேய்ந்தது. எஞ்சியது இழிவு மட்டுமே.

அவ்விழிவைச் சுமந்தோர் இங்கே வாளா இருந்தாரல்லர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாக எறியப்பட்டதை முகவரியாக்கிய துணிவு அது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரோ, அப்பெயரே பகைவர் சுமத்தியது என வாதிட்டு, தம் மக்கள் பூர்வ பௌத்தர் என்றார். 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. ஏற்பதா, மறுப்பதா என்பதில் இருவரும் வேறுபட்டனர். தம் பெயரைத் தாமே சொல்லும் உரிமையில் ஒன்றுபட்டனர்.

இவ்வரலாறு நமக்கு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலுக்கு விலையேற்றிய உழைப்பாளர் பலர், மாலையில் ஊர்த் தெருவில் அப்பெயரை வசையாகக் கேட்டுக் கடந்தவர்கள். தோல் கைமாறிச் செல்வமாயிற்று. தொட்ட கைக்குத் தீட்டு நீங்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் நம் அன்பர்கள் 'பரையா' என எழுதுமுன் ஒருகணம் எண்ணுதல் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்போர், 'விலக்கப்பட்டவர்' என்றோ 'ஒதுக்கப்பட்டவர்' என்றோ எழுதலாம். ஒரு குடியின் பெயரை மீண்டும் வசையாக்க வேண்டுவதில்லை. அயலார் அறியாது செய்ததை நாம் அறிந்தே செய்தல் தகாது.

சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் கவிஞர். பறைதலும் அதுவே. அவ்வகையில் நாம் அனைவரும் அந்தப் பழைய தோற்கருவிக்குக் கடன்பட்டவர்களே.