தாங்கல்: தொண்டைநாட்டு ஏரிப் பராமரிப்பும் இடைக்கால ஊர்ப் பொருளியலும்

முன்னுரை

போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் உள்ள ஐயப்பன்தாங்கலை இன்று பலரும் பேருந்துப் பணிமனையைக் கொண்டே அடையாளம் சொல்வர். ஊர்ப்பெயரோ பழைய வேளாண் வாழ்வைச் சொல்கிறது. மழைநீரைத் தாங்கி நிறுத்தும் பாசன நீர்நிலைக்குத் தொண்டைநாட்டில் தாங்கல் என்று பெயர். பழவந்தாங்கலும் வேடந்தாங்கலும் அவ்வழி வந்தவை. வற்றாத ஆறில்லாத இந்நாட்டில் வடகிழக்குப் பருவமழையைக் கரைகட்டித் தேக்கினால்தான் நெல் விளையும். ஏரி வெட்டிய மன்னர்களின் பெயர்களை நாம் அறிவோம். ஆண்டுதோறும் படிந்த வண்டலை அள்ளும் செலவு யார் தலையில் விழுந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

சான்றுகளின் தன்மை

கங்கைகொண்டசோழபுரத்தில் சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் மண்ணடுக்குகளில் கிடைத்தன. ஏரியில் அவ்வாறு எதிர்பார்க்க முடியாது. தூர்வாரும் ஒவ்வொரு முறையும் முந்தைய அடுக்கு வெளியே போய்விடுகிறது; நன்றாகப் பேணப்பட்ட ஏரி தன் தடயத்தைத் தானே அழித்துக்கொள்கிறது. எஞ்சுபவை கரை, தூம்புக்கல், கோயிற்சுவர்க் கல்வெட்டு ஆகியவையே.

புதுக்கோட்டைப் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் குமிழித் தூம்பு எனும் மதகு இத்தகைய எச்சத்துக்கு நல்ல சான்று. ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களின் துளை வழியே அடைப்புக் கழி இறங்கும். அடியிலுள்ள தொட்டியின் மேல்துளை நீரோடி. அதைத் திறந்தால் தெளிந்த நீர் கரைக்கடியில் உள்ள கால்வாய்க்குப் பாயும். கீழ்த்துளைகள் சேறோடி; பாயும் நீரின் இழுப்பில் வண்டலும் உடன் வெளியேறும். தூம்பை அமைத்தபோதே வண்டலுக்கும் வழி செய்திருக்கிறார்கள். தூம்பு நிறுவியவர் பெயர் அத்தூண்களிலேயே பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு.

மன்னர் வெட்டினார், ஊர் பேணியது

பல்லவர் காலத்தில் ஏரி அரசன் பெயரைத் தாங்கியது. மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம், உத்திரமேரூரில் வயிரமேக தடாகம். பராமரிப்போ நாளடைவில் ஊர்ச்சபையின் கைக்கு வந்தது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) இதைத் தெளிவாக்குகின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்து (வட்டாரங்கள்), பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் 30 பேர் தேர்வாயினர். 12 பேர் சம்வத்சர வாரியம் எனும் ஆண்டுக் குழுவுக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் இடம்பெற முடியாது. ஏரிப் பராமரிப்புக்கென ஏரிப்பட்டி நிலமும் ஏரி ஆயம் எனும் வரியும் ஒதுக்கப்பட்டன. நெல்லையோ பொன்னையோ முதலாகப் பெற்று, அதன் பொலிசையில் (வட்டியில்) தூர்வாரச் சபைகள் உடன்பட்டன. ஏரி வாரியர் கையில் பொருள் புழங்கியதால்தான் கணக்கில் இத்தனை கண்டிப்பு.

கூலியும் கட்டாய உழைப்பும்

செய்யாறு பக்கத்து உக்கலில், முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று பெருவழியோரம் அமைந்த கிணற்றையும் தண்ணீர்ப் பந்தலையும் குறிக்கிறது. நீர் இறைப்பவருக்கும் வழிப்போக்கருக்கு அதை வார்ப்பவருக்கும் பானை தருபவருக்கும் தனித்தனியே நெல் ஒதுக்கப்பட்டது. அறச்செயல் ஒன்று இங்கே கூலிப் பட்டியலாகவே பதிவாகியிருக்கிறது.

இதன் மறுபக்கம் வெட்டி எனும் ஊதியமற்ற கட்டாய உழைப்பு. உத்திரமேரூர் பிராமணருக்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேயம்; குடவோலையில் பெயர் எழுதப்பட இறை செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது ஆகியவை வேண்டும். வண்டல் கூடை சுமந்தவர் பெயர் அந்த ஓலையில் ஏறியிருக்க வாய்ப்பில்லை. நீர் பொதுவாக இருந்தாலும், அதை ஆளும் உரிமை நிலத்தோடு கட்டுண்டிருந்தது.

பிற்கால மாற்றம்

விசயநகர காலத்தில் ஏரி கட்டியவருக்கோ திருத்தியவருக்கோ தசவந்தம் என்ற நில உரிமை கிடைத்தது. சபை சுமந்த பொறுப்பில் தனியாரும் பங்கேற்றனர். 1767–1774இல் கிழக்கிந்தியக் கம்பெனி செங்கல்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்தபோதும், விளைச்சலிலிருந்து ஊர்ப்பணிகளுக்குப் பங்கு பிரிக்கும் வழக்கம் நிலவியது. வருவாய் அரசிடம் குவியக் குவிய, பங்கும் பராமரிப்பும் சேர்ந்து தளர்ந்தன. 1794இல் அங்குக் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதைத் தனிப் பணியாகவே மேற்கொள்ள வேண்டியிருந்தது.

முடிவுரை

இடைக்காலத் தொண்டைநாட்டு ஏரியை வாழவைத்தது நிலையான ஒதுக்கீடும் கறாரான கணக்குமே; அதன் குறை, உழைத்தவருக்குச் சபையில் இடம் தராதது. இவ்வரலாற்றின் மிச்சம் ஏரிக்கரைகளில் இன்னும் இருக்கக்கூடும். கரையை அகலப்படுத்தும்போதோ மதகுக்குச் சிமெண்ட் பூசும்போதோ எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால், அதை அசைக்காமல் படமெடுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.